பெர்லினில் ஹெலேன வைகலைத் தேடிப் பார்ப்பது எப்படி?

ஊரிலிருந்து நாடகம் போடும் நண்பர்கள் யாராவது பெர்லினுக்கு வந்தால், சுவரையும் பிராண்டன்பர்க் வாசலையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். நான் கூட்டிப்போவது நாடக நடிகை ஹெலேன வைகலிடம். 1971லேயே காலமாகிவிட்டவரை எங்கே பார்ப்பது என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நான் முதல் தடவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து இரண்டு நாளை வீணடித்தேன்.

முதலில் வீட்டுக்கும் கல்லறைக்கும் ஓடாதீர்கள். படத்தைப் பாருங்கள். 'மதர் கரேஜ்' நாடகத்தைக் கிழக்கு ஜெர்மனியின் டெஃபா ஸ்டூடியோ கிட்டத்தட்ட மேடையில் இருந்தபடியே படமாக்கியது. வெளிவந்தது 1961இல். போர்க்களங்களில் வண்டியை இழுத்துக்கொண்டு சரக்கு விற்றுப் பிழைக்கும் ஒரு தாயின் கதை, அந்தத் தாயாக நடிப்பவர் வைகல். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மகனை மீட்க லஞ்சத் தொகைக்குப் பேரம் பேசிப் பேசி நேரம் போய்விடுகிறது. வெளியே அவனைச் சுட்டுவிடுகிறார்கள். அப்போது வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறக்கிறார். சத்தம் வரவில்லை. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி நாலு தடவையாவது பாருங்கள்.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று நாடகத்தை எழுதி இயக்கிய ப்ரெக்ட்டே (வைகலின் கணவர்) குறித்து வைத்திருக்கிறார். சிங்கப்பூர் மீது குண்டு விழுந்தபோது, இறந்துபோன மகனின் உடல்மேல் குனிந்திருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் படம். அனேகமாக அதிலிருந்துதான் என்கிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சிங்கப்பூரில் இந்தியப் பெண் என்றால் நம் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயரைப் படம் பிடித்தவரும் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு இடம் கடைசிக் காட்சி. மகளைப் புதைக்கக் குடியானவர்களிடம் காசு கொடுக்க வேண்டும். தோல் பையிலிருந்து காசை எடுத்து எண்ணுகிறார். ஒரு காசைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கிறார். நான் அழுதது இந்த இடத்தில்தான், கதறலில் இல்லை. நடிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த ஒற்றைக் காசை வைத்தே ஒரு வாரம் வகுப்பு எடுக்கலாம்.

சரி, வாழ்க்கைக் கதை எவ்வளவு தெரிந்தால் போதும்? 1900இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஃபிராங்ஃபர்ட்டில் மேடையேறி, 1920களில் பெர்லினுக்கு வந்தார். 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டிடம் எரிந்த மறுநாள் குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, கடைசியில் அமெரிக்கா. இந்தப் பதினைந்து வருடத்தில் மேடை அபூர்வம். ஹாலிவுட்டில் கிடைத்தது 1944இல் 'தி செவன்த் கிராஸ்' படத்தில் ஒரு சின்ன வேடம், வசனம்கூட இல்லாமல். 1949 ஜனவரி 11 அன்று 'மதர் கரேஜ்' பெர்லினில் அரங்கேறியபோது அவருக்கு வயது 48. அதே வருடம் பெர்லினர் ஆன்சாம்பிள் நாடகக் குழு தொடங்கியது, சாகும்வரை அதன் தலைவர் அவர்தான். நடிகை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சம்பளம், வீடு, ஆள் சேர்ப்பது எல்லாம் பார்த்த நிர்வாகி.

இதற்கப்புறம் ஊர் சுற்றலாம். ப்ரெக்ட்டும் வைகலும் வாழ்ந்த ஷோசே தெரு 125ஆம் எண் வீட்டுக்கு முன்பே பதிவு செய்துகொண்டு போங்கள். வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். நான் அது தெரியாமல் போய் முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மாடியில் ப்ரெக்ட்டின் அறைகள். எல்லோரும் அங்கேயே புத்தக அலமாரியைப் பார்த்து மயங்கி நிற்பார்கள். நீங்கள் கீழ்த்தளத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரெக்ட் இறந்தபின் வைகல் இருந்த அறைகள் அவை. அந்தச் சமையலறையைப் பார்த்தால் ஒரு குழுவுக்கே சோறு போட்டவர் என்பது புரியும். பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம், இருவரும் அங்கேதான். பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து நடந்தே ஷிஃப்பாவர்டாம் அரங்குக்குப் போய்விடலாம். 1954 முதல் குழுவின் வீடு அது. பகலில் வெளியே நின்று போட்டோ எடுப்பதைவிட, மாலைக் காட்சிக்கு மலிவான டிக்கெட் ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்ததும் பழைய அரச மாடத்தைப் பாருங்கள். அங்கிருக்கும் பிரஷ்யக் கழுகின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கும். ப்ரெக்ட்டின் வேலை.

மறுநாளைப் புக்கோவுக்கு ஒதுக்குங்கள். பெர்லினுக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். ஆஸ்ட்குராய்ட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறி ம்யூன்ஷெபர்க்கில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்கரையில் அவர்களுடைய கோடை வீடு. தோட்டத்தில் இருக்கும் படகுக் கொட்டகைக்குள் மதர் கரேஜின் வண்டி நிற்கிறது. சுழல்மேடை ஒரு பக்கம் சுற்ற, எதிர்ப்பக்கம் நடந்தபடி நானூறு தடவைக்கு மேல் வைகல் இழுத்த வண்டி. கடைசிக் காட்சியில் பிள்ளைகள் யாரும் இல்லாமல் தனியாக இழுத்ததை நினைத்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கம் போய் நின்று பாருங்கள்.

குளிர்காலத்தில் திறக்கும் நேரம் குறைவு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கான பஸ் நேரத்தை இறங்கிய உடனேயே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. நான் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன்.