அமெரிக்காவில் திருநர் இயக்குநரின் முதல் குறும்படத்துக்கு நிதி திரட்டுவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் கருப்பின, லத்தீன, ஆசிய, பூர்வகுடித் திருநர்கள் படம் எடுக்கக் கைகொடுக்கும் நிதிகள் உண்டு. ஆனால் தொகைகள் பெரும்பாலும் ஆயிரங்களில்தான் இருக்கும். ஒரே இடத்துப் பணத்தில் படம் முடியாது. நாலைந்து இடத்திலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும். அதனால், பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில் வந்து இறங்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் எழுதுவது அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் மானியம் கிடைத்த பிறகும் அதை வாங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

படி 1: படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

கதை, திரைக்கதை மட்டும் கையில் இருந்தால் பயிற்சி முகாம்களையும் ஃபெலோஷிப்களையும் பாருங்கள். படப்பிடிப்பு முடிந்து ரஃப் கட் (முதல் தொகுப்பு வடிவம்) தயாராக இருந்தால் படம் முடிக்கும் நிதிகள், அதாவது கம்ப்ளீஷன் ஃபண்டுகள், உங்களுக்கானவை. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. திரைக்கதையை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்கும் நிதிக்கு விண்ணப்பித்தால் முதல் சல்லடையிலேயே வெளியே போய்விடும்.

படி 2: ஃபிஸ்கல் ஸ்பான்சர் பிடியுங்கள்

பல அறக்கட்டளைகள் தனிநபருக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி உள்ள லாப நோக்கற்ற அமைப்புக்குத்தான் தரும். நீங்கள் அப்படி ஒரு அமைப்பைத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்று உங்கள் படத்தின் சார்பில் பணத்தைப் பெற்று, சிறு கட்டணம் எடுத்துக்கொண்டு, மீதியை உங்களுக்குத் தரும். இப்படிப்பட்ட அமைப்புதான் ஃபிஸ்கல் ஸ்பான்சர். ஃபிலிம் இண்டிபெண்டன்ட், இன்டர்நேஷனல் டாக்குமெண்டரி அசோசியேஷன், விமன் மேக் மூவீஸ், ஃப்ராக்சர்ட் அட்லஸ் போன்றவை இந்தச் சேவையைத் தருகின்றன. கட்டணம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். இந்த வழியாக நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவும் கிடைக்கும்.

கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். படத்தின் உரிமை முழுவதும் உங்களிடமே இருக்குமா? பணம் கேட்ட எத்தனை நாளில் வரும்? கட்டணம் எல்லாத் தொகைக்கும் ஒரே விகிதமா? இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இந்த வழியில் வருவது நன்கொடை, முதலீடு அல்ல. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று யாரிடமாவது சொல்லி இந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால் ஒப்பந்தமே ரத்தாகலாம்.

படி 3: பட்ஜெட்

12 நிமிடக் குறும்படம், 3 நாள் படப்பிடிப்பு, நடிகர்களும் குழுவுமாக 8 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக் கணக்கு:

ஊதியம் (8 பேர், 3 நாள், நாளுக்கு 400 டாலர்): 9,600
கேமரா, விளக்கு வாடகை: 2,400
சாப்பாடு, போக்குவரத்து: 1,900
இடம், அனுமதி, காப்பீடு: 1,800
எடிட்டிங், கலர், ஒலிக் கலவை: 4,000
சப்டைட்டில், டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), விழா நுழைவுக் கட்டணம்: 1,300

மொத்தம் 21,000. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம், 2,100. ஆக 23,100 டாலர்.

இதோடு ஸ்பான்சர் கட்டணத்தைச் சேர்க்கும் இடத்தில்தான் கணக்கு வழுக்கும். கட்டணம் 7 சதவீதம் என்றால் 23,100க்கு 7 சதவீதம் கூட்டி 24,717 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஸ்பான்சர் எடுப்பது வந்த மொத்தத் தொகையில் 7 சதவீதம். கையில் 22,987 மட்டுமே நிற்கும். 113 டாலர் துண்டு விழும். சரியான வழி 23,100ஐ 0.93ஆல் வகுப்பது: 24,839. தொகை சிறியதுதான். ஆனாலும் கணக்குத் தெரிந்தவர் தயாரித்த பட்ஜெட் என்று மானியத் தேர்வுக் குழுவுக்குப் புரியும்.

உங்கள் ஊதியத்தைப் பூஜ்யமாகப் போடாதீர்கள். வாடகைக்கே அல்லாடும் இயக்குநர் இலவசமாக உழைப்பார் என்று காட்டும் பட்ஜெட் தியாகமாகத் தெரியாது, நடக்காத திட்டமாகத்தான் தெரியும். இரவு படப்பிடிப்பு முடிந்தபின் திருநங்கை, திருநம்பி நடிகர்களை வீட்டுவாசல் வரை கொண்டுவிடும் வாகனச் செலவைப் போக்குவரத்துக்குள் ஒளிக்காமல் தனி வரியாகப் போடுங்கள். இது ஆடம்பரம் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு. நியூயார்க் போன்ற நகரங்களில் படப்பிடிப்பு அனுமதிக்கு 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி கிடைக்காது. படப்பிடிப்புக்குச் சில வாரம் முன்பே வாங்கிவையுங்கள்.

குழுவில் திருநர்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு 2020இல் வந்த 'டிஸ்க்ளோஷர்' ஆவணப்படம் ஒரு முறையைக் காட்டியது. ஒரு பொறுப்புக்குத் திருநர் கிடைக்காதபோது, அந்த வேலைக்கு வந்தவர் ஊதியம் பெறும் திருநர் பயிற்சியாளர் ஒருவருக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் பட்ஜெட்டிலும் அப்படி ஓர் இடம் வைக்கலாம். ஆனால் அந்தப் பயிற்சியாளருக்கு ஊதியம் இருக்க வேண்டும்.

படி 4: எங்கே விண்ணப்பிப்பது?

டிரான்ஸ்ஜெண்டர் ஃபிலிம் சென்டர், திருநர்கள் எடுக்கும் படங்களை முடித்து வெளியிட உதவும் அமைப்பு. சான் பிரான்சிஸ்கோவில் பால்புதுமையர் திரைப்பட விழா நடத்தும் ஃப்ரேம்லைன் 1990 முதல் படம் முடிக்கும் நிதி வழங்கிவருகிறது. சன்டான்ஸ் நிறுவனம் 2021இல் வெள்ளையரல்லாத திருநர் படைப்பாளிகளுக்கென்றே டிரான்ஸ் பாசிபிலிட்டீஸ் இன்டென்சிவ் என்ற பயிற்சியைத் தொடங்கியது. குவியர் ஆர்ட் என்ற கலை அமைப்பு 2020இல் தொடங்கிய இல்யூமினேஷன்ஸ் மானியம் கருப்பினத் திருநங்கைக் காட்சிக் கலைஞர்களுக்கானது. பரிசோதனைப் படம் எடுப்பவர்கள் அதன் தகுதி விதிகளைப் படித்துப் பாருங்கள். 1997இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ திருநர் திரைப்பட விழா பணம் தரும் இடம் அல்ல. ஆனால் அங்கே திரையிடப்பட்ட படம் என்பது அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.

அரசுப் பணத்தை நம்பிப் பட்ஜெட்டின் பெரும்பகுதியை வைக்காதீர்கள். 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க காங்கிரஸ் திரும்பப் பெற்றது. தேசியக் கலை நிதியமான என்இஏ அதே ஆண்டு 'பாலினச் சித்தாந்தம்' என்று சொல்லித் திருநர் படைப்புகளை ஒதுக்கும் விதியைக் கொண்டுவர முயன்று வழக்கில் சிக்கியது. இன்னொரு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருப்பினப் பெண்களுக்கு மட்டும் என்று ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் நடத்திய மானியப் போட்டியை 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. ஆகவே 'இன்ன இனத்தவருக்கு' என்ற சொல் அறிவிப்பில் இல்லையென்று கடந்துபோகாதீர்கள். அந்தச் சமூகங்களின் அனுபவத்தைச் சொல்லும் படங்களுக்கு என்று வேறு வாசகத்தில் அதே கதவு திறந்திருக்கலாம்.

படி 5: விண்ணப்பமும் மாதிரிக் காட்சியும்

லாக்லைன், அதாவது கதைச் சுருக்கம், இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கட்டும். பாத்திரத்தின் அடையாளத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர் என்ன வேண்டுகிறார், எது தடுக்கிறது என்பது வர வேண்டும். உங்கள் வாழ்வின் வலியை எழுதித்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்ற அழுத்தம் இந்தத் துறையில் உண்டு. அதற்குப் பணியாதீர்கள். காட்சியை எப்படி எடுக்கப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். மாதிரிக் காட்சியின் முதல் 60 விநாடியில் படத்தின் ஆகச் சிறந்த பகுதி வரட்டும். ஒலி மோசமாக இருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவர் நிறுத்திவிடுவார்.

படி 6: பெயர், வரி, அரசு உதவி

மானியம் உறுதியானதும் உங்கள் பெயரும் வரி எண்ணும் தரும் டபிள்யூ-9 படிவம் கேட்பார்கள். அதன் முதல் வரியில் உள்ள பெயர் வரித்துறையிடம் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். பழைய பெயரை யாரும் பார்க்கக்கூடாது என்று எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்குபவர்கள் உண்டு. ஒரே உறுப்பினர் உள்ள சாதாரண எல்எல்சி என்றால் முதல் வரியில் உரிமையாளரின் பெயரே வரும், நிறுவனத்தின் பெயர் இரண்டாம் வரிக்குப் போகும், நோக்கம் நிறைவேறாது. கார்ப்பரேஷனாக வரி கட்டத் தேர்ந்தெடுத்தாலோ இரண்டு உறுப்பினர் இருந்தாலோதான் நிறுவனப் பெயர் முதல் வரிக்கு வரும். கலிபோர்னியாவில் எல்எல்சிக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 800 டாலர் வரி என்பதையும் கணக்கில் வையுங்கள். நீதிமன்றத்தில் பெயர் மாற்றியிருந்தால் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் எஸ்எஸ்-5 படிவம் கொடுத்துத் திருத்துங்கள். பெயர் பொருந்துகிறதா என்று வரித்துறை பார்ப்பது அந்த அலுவலகத்தின் பதிவோடுதான். ஸ்பான்சரிடமும் விழாக்களிடமும், பொதுவெளியில் வரும் பெயர் இதுதான் என்று எழுத்தில் கொடுங்கள்.

எஸ்எஸ்ஐ உதவி, அதாவது குறைந்த வருமானமுள்ள முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மாதத் தொகை, பெறுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தனிநபர் சொத்து வரம்பு 2,000 டாலர். 10,000 டாலர் மானியம் சொந்தக் கணக்கில் விழுந்தால் மாத உதவி நின்றுபோகலாம், அதோடு மருத்துவக் காப்பீடும் ஆட்டம் காணலாம். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. பணத்தை ஸ்பான்சரிடமே வைத்து, குழுவுக்கும் வாடகை நிறுவனத்துக்கும் அவர்களே நேரடியாகக் கட்டும்படி கேளுங்கள். கையெழுத்துக்கு முன் அரசு உதவி விதிகள் தெரிந்த ஆலோசகரைப் பாருங்கள். மாணவர் விசாவில் இருக்கும் தமிழர்கள் ஊதியம் எடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். படத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டில் எடுத்து அங்குள்ள அமைப்புக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். அங்குள்ள ஆடிட்டரிடம் பேசிய பிறகே அனுப்புங்கள்.

படி 7: பணம் வந்தபின்

தனிநபராகப் பெறும் மானியம் பொதுவாக வரிக்குரிய வருமானம். செலவுக்கு ரசீது இருந்தால்தான் கழிக்க முடியும். ஒவ்வொன்றையும் அன்றன்றே படமெடுத்துச் சேமியுங்கள். மானியக் கடிதத்தில் இறுதி அறிக்கைத் தேதியும், டைட்டிலில் நன்றி வரி எப்படி வர வேண்டும் என்பதும் இருக்கும். டிசிபி எடுக்கும் முன் அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எடுத்த பிறகு திருத்துவதென்றால் மறுபடியும் காசு.