மாலி-400க்கான லிமா டிரைவர்: தொகுத்துப் பார்த்து ஒரு பிழையைத் திருத்த

யாங்கோனில் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவேண்டும் என்றுதான் பலர் சின்ன போர்டு வாங்குகிறோம். என்னிடம் இருப்பது ஆரஞ்சு பை பிசி: ஆல்வின்னர் எச்3 சிப், 1 ஜிபி ராம், மாலி-400 ஜிபியு (படம் வரையும் பகுதி). இந்த ஜிபியுவுக்கான திறமூல டிரைவர் லிமா, 2019-இல் லினக்ஸ் 5.2 கர்னலில் சேர்ந்தது. ஆர்ம்பியன் (சின்ன போர்டுகளுக்கான லினக்ஸ்), மூலநிரலை இறக்க கிட், தொகுக்க மெஸான், நின்ஜா எல்லாம் போட்டிருப்பீர்கள், நேராக வேலைக்கு வருகிறேன்.

லிமாவின் ஒரு பாதி கர்னலில், மறுபாதி மெஸா என்ற திறமூல கிராபிக்ஸ் நூலகத்தில். ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்களான ஷேடர்களைத் தொகுப்பது மெஸா பாதி. புதியவர்கள் அதில் கைவைத்தால் போதும்.

மெஸா மூலநிரலை இறக்கி, மெஸான் அமைப்பில் உள்ள கேலியம் (மெஸாவின் ஓபன்ஜிஎல் டிரைவர் வகை) டிரைவர் பட்டியலில் லிமாவை மட்டும் எழுதுங்கள். வல்கனும் (இன்னொரு கிராபிக்ஸ் இடைமுகம்) எல்எல்விஎம்மும் (ஒரு தொகுப்பி நூலகம்) வேண்டாம். நின்ஜாவை இரண்டு வேலையோடு ஓடவிடுங்கள், அதற்கு மேல் போனால் ராம் தாங்காது. நடுவில் கரண்ட் போனால் கவலை இல்லை, நின்ஜாவை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்ததுதான் பலர் முட்டி நிற்கும் இடம். எச்3-இல் படத்தை வரைவது மாலி. திரைக்கு அனுப்புவது வேறொரு டிஸ்ப்ளே எஞ்சின். இரண்டும் தனித்தனி சாதனங்கள். புரோகிராம் டிஸ்ப்ளேயைத் திறக்கும், மெஸா அந்தப் பெயரில் ஒரு டிரைவரைத் தேடும், அது லிமா இல்லை. இரண்டையும் இணைப்பது மெஸாவில் உள்ள கேஎம்எஸ்ஆர்ஓ என்ற பகுதி. பழைய மெஸா பதிப்புகளில் லிமாவோடு இதையும் பட்டியலில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டத்தில் உள்ள மெஸா சத்தமில்லாமல் சிபியுவிலேயே படம் வரையும் எல்எல்விஎம்பைப்புக்குத் தாவிவிடும். படம் வரும், ஆனால் ஆமை வேகம். பழி ஜிபியு மேல் விழும். லிமாவை மட்டும் தொகுக்கச் சொன்னதும் இதற்காகத்தான். தாவ வேறு இடம் இல்லாததால் பிழைச் செய்தி முகத்துக்கு நேரே வரும்.

சிஸ்டம் மெஸாவை அழித்து எழுதாதீர்கள். நிறுவாமலே புது மெஸாவைப் பயன்படுத்த வைக்கும் மெஸானின் டெவ்என்வ் கட்டளைக்குள், எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும் ஈஜிஎல்இன்ஃபோவை ஓட்டிப் பாருங்கள். ரெண்டரர் வரியில் மாலி400 என்று வராதவரை நிரலைத் தொடவேண்டாம்.

சரி, பிழையை எங்கே பிடிப்பது? மெஸா மூலநிரலின் லிமா அடைவுக்குள் சிஐ என்ற அடைவில், தோற்கும் சோதனைகளின் பட்டியலே இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, டிஈக்யூபி என்ற ஜிபியு சோதனைத் தொகுப்பில் அதை மட்டும் ஓட்டுங்கள். துல்லியம் சம்பந்தப்பட்டதை விட்டுவிடுங்கள்: மாலி-400இன் பிக்சல் பிராசசர் 16 பிட் மிதவை எண்ணோடு நின்றுவிடும், அதை நிரலால் திருத்த முடியாது. லிமா_டீபக் என்ற சூழல் மாறியில் பிபி என்று வைத்தால் பிக்சல் ஷேடர் ஒவ்வொரு கட்டத்திலும் எப்படி மாறுகிறது என்று அச்சாகும். வேறு கருவி எனக்குத் தேவைப்பட்டதில்லை. திருத்தியபின் எந்தச் சோதனை தேறியது என்பதைக் கிட்டின் கமிட் (திருத்தப் பதிவு) செய்தியில் எழுதி, மெஸா இருக்கும் தளமான ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேபுக்கு அனுப்புங்கள். ஒரு கமிட்டில் ஒரே திருத்தம்.

சேர்ப்பு: மோல்மீனிலிருந்து ஒரு தம்பி, எல்லாம் சரியாகச் செய்தும் ரூட்டில் மட்டும் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். உங்கள் பயனரை ரெண்டர், வீடியோ குழுக்களில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.