சிம்பல் ஸ்வெல்: இரண்டு கைகளை நினைத்து எழுதுங்கள்

பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் "ஒரு ஸ்வெல் போட்டுடுங்க" என்று சொல்லாத இசையமைப்பாளர் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஸ்வெல் என்றால் சிம்பலைத் தொடர்ந்து தட்டி, மெல்லிய ஒலியைப் படிப்படியாகப் பெருக்குவது. கணினியில் நோட்டு நோட்டாக எழுதும் டிரம்ஸ் புரோகிராமிங்தான் என் பிழைப்பு. சரிசெய்யச் சொல்லி வரும் மிடி ஃபைல்கள் (எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்புகள்) பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: கிராஷ் சிம்பலில் நெருக்கமாக நோட்டுகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல 1-இலிருந்து 127 வரை ஏறும் வெலாசிட்டி, அதாவது அடியின் பலம். கேட்டால் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.

முதலில் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மென்பொருளில் மேலெட், அதாவது பஞ்சுத் தலைக் குச்சியால் அடித்துப் பதிந்த சிம்பல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மரக்குச்சி சாம்பிள்தான் இருக்கிறது என்றால், அதை ஒலிக்கவைக்கும் சாம்ப்ளரில் அட்டாக்கை, அதாவது ஒலி எழும்ப எடுக்கும் நேரத்தை, 10, 20 மில்லிசெகண்ட் கூட்டிவிடுங்கள். அந்த 'டிங்' மழுங்கிவிடும்.

அடுத்து வேகம். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) 32-ஆம் பங்கு நோட்டு (தட்டுக்கு எட்டு) என்றால் நொடிக்கு 16 அடி. மேலெட்டை யாரும் அப்படி அடிப்பதில்லை, அடிக்கத் தேவையும் இல்லை. ஒருமுறை தட்டினாலே சிம்பல் நீண்ட நேரம் ஒலிக்கும், அடிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை அந்த ஒலியே நிரப்பிவிடும். நொடிக்கு 8 முதல் 12 அடி போதும். அதே டெம்போவில் 16-ஆம் பங்கு நோட்டில் (தட்டுக்கு நான்கு) தொடங்கி, உச்சத்துக்கு முன்னால் மட்டும் ட்ரிப்லெட்டாக (தட்டுக்கு ஆறு) நெருக்குவது என் வழக்கம்.

வெலாசிட்டியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 15 அல்லது 20-இல் தொடங்குங்கள். முதல் பாதி முழுக்க 45-ஐத் தாண்ட வேண்டாம். கடைசிக் கால்பங்கில் 100 வரை ஏற்றுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றை ஐந்தாறு குறையுங்கள், அதுதான் இடது கை. சிம்பலின் இரண்டு ஓரங்கள் தனித்தனி நோட்டாக இருந்தால் கைக்கு ஒன்று கொடுங்கள். பிறகு ஒவ்வொரு அடியையும் கிரிட்டிலிருந்து (திரையில் தாளத்தைக் காட்டும் கோடுகள்) 5, 10 மில்லிசெகண்ட் முன்பின் நகர்த்துங்கள். முதல் அடியும் கடைசி அடியும் மட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் வெறும் வால்யூம் ஏறுவதுபோலத்தான் கேட்கும். நிஜச் சிம்பலில் ஆற்றல் சேரச் சேர, கீழ் அதிர்வுகளிலிருந்து மேல் அதிர்வுகளுக்குப் பரவும். அந்தச் 'ஸ்ஸ்ஸ்' கொஞ்சம் தாமதமாகத்தான் விரியும். மேல் அதிர்வுகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரைத் தானாக நகரும்படி ஆட்டோமேட் செய்து, 3 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி உச்சத்தில் முழுதாகத் திறந்துவிடுங்கள். பிஎஃப்டி 3 என்ற டிரம்ஸ் மென்பொருளில் இந்தப் பெருக்கத்தைக் கணக்கிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. அருகில் வைத்த குளோஸ் மைக்கைக் குறைத்து, மேலே இருக்கும் ஓவர்ஹெட், தள்ளியிருக்கும் ரூம் மைக்குகளை ஏற்றுவதும் உதவும். நடுவில் ஒலி விட்டுவிட்டு அறுந்தால் பாலிஃபனி எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய அடிகளின் எண்ணிக்கையை, கூட்டுங்கள். புது அடி பழைய அடியின் வாலை வெட்டுகிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு கணக்கு. டிரம்மருக்கு இரண்டு கைதான்! ரோல், அதாவது இந்தத் தொடர் அடி, ஓடும்போது ஸ்னேரையும் ஹை-ஹாட் குச்சி அடியையும் எடுத்துவிடுங்கள். காலால் வாசிக்கும் கிக்கும் ஹை-ஹாட் பெடலும் தாராளமாக இருக்கலாம். ஸ்வெல் முடிந்து வேறொரு கிராஷில் அடி விழுகிறதென்றால், அதற்கு முந்தைய ரோல் அடி ஒன்றை அழியுங்கள். கை அங்கே போய்ச் சேர வேண்டாமா? ஆர்கெஸ்ட்ரா பாணிப் பாடலில் இந்தக் கவலை இல்லை, அங்கே சிம்பலுக்கென்று தனி ஆள் நிற்பார்.