ஃபிளாப் இறங்கியது, ஏறவில்லை

எங்கள் நாலு சீட் பயிற்சி விமானத்தில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) 30 டிகிரி வரை ஒழுங்காக இறங்கும். மேலே ஏற மறுக்கும். மின்சுமை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் விழவில்லை. இறங்குகிறதே, மோட்டார் நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். அவசர முடிவு! அந்த மோட்டாரில் ஏற ஒரு கம்பிச் சுருள், இறங்க ஒரு சுருள்; ஒன்று மட்டும் போயிருக்கலாம்.

வலது இறக்கையின் அடித்தகட்டைக் கழற்றி, ஃபிளாப் லீவரை மேலே வைத்து மல்டிமீட்டரால் பார்த்தேன். ஃபிளாப் முழுதாக ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் மேல் லிமிட் சுவிட்சுக்குள் 24 வோல்ட் போகிறது, வெளியே பூஜ்யம். சுவிட்சைத் தாண்டி நேராக மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் உறுமியது. சரி, சுருள் தப்பித்தது.

ஃபிளாப்பை நகர்த்தும் ஸ்குரூவிலிருந்து வழிந்த கிரீஸ் தூசியோடு சேர்ந்து, சுவிட்சின் பிளஞ்சரை, அதாவது அமுங்கும் சிறு முனையைச் சுற்றிக் கறுப்புக் களியாக இறுகியிருந்தது. பிளஞ்சர் அமுங்கியபடியே நின்றுவிட்டதால், ஃபிளாப் முழுதாக ஏறிவிட்டதாகவே சுவிட்ச் நம்பிக்கொண்டிருந்தது. துடைத்தாலே ஓடியிருக்கும்; மனசு கேட்கவில்லை, புதிதே போட்டேன். அப்புறம் பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு லாக்புக்கில் கையெழுத்திட்டேன்.