வடசென்னையிலிருந்து ஜப்பான் ஓட்டலுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பான் ஓட்டல் என்றாலே பச்சை மீன்தான் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காசிமேட்டில் விடியற்காலையில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் வீட்டுக்காரர்கள்கூட "பச்சையாவா? வேணாம்பா" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் ஜப்பானியர்கள் அன்றாடம் சாப்பிடுவது பெரும்பாலும் சூடான சோறு, சூப், பொரித்த கோழி, நூடுல்ஸ் இவைதான். அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது: முதல் தடவை சோறு, அடுத்த தடவை நூடுல்ஸ், பச்சை மீன் கடைசியில். இப்படிப் போனவர்கள் மறுபடியும் போகிறார்கள். முதல் நாளே சோற்று உருண்டை மேல் மீன் வைத்துத் தரும் சுஷியில் இறங்கியவர்களில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1. கடையும் நேரமும்

இந்த ஓட்டல்கள் பெரும்பாலும் நுங்கம்பாக்கம், ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வட்டாரத்தில் இருக்கின்றன. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே மெட்ரோ ஏறினாலும் வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கிலோ தேனாம்பேட்டையிலோ இறங்கலாம். ராயபுரத்துக்காரர்கள் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயில் பிடித்து நுங்கம்பாக்கத்தில் இறங்குவது சுலபம்.

கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சைனீஸ், தாய் உணவோடு சுஷியும் வைத்திருக்கும் மால் கடை. இன்னொன்று, இங்கே வேலைக்கு வந்த ஜப்பானியர்களை நம்பி நடக்கும் சிறிய கடை. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான் கார் ஆலை திறந்தது. அந்த மாதிரி நிறுவனங்களுக்காக வந்த குடும்பங்கள் இந்த ஊரில் கணிசம். அவர்கள் மதியம் வந்து உட்காரும் கடையாகப் பார்த்துப் போங்கள். ஆடம்பரம் குறைவாக இருக்கும், சாப்பாடு நேர்மையாக இருக்கும்.

மதியம் போவதே நல்லது. மதியச் செட் சாப்பாடு, இரவில் தனித்தனியாக வாங்குவதைவிடப் பொதுவாக விலை குறைவு. ஆனால் பல கடைகள் மூன்று மணிவாக்கில் மூடி, சாயங்காலம்தான் திறக்கும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உட்கார்ந்ததும்

சுருட்டிய ஈரத் துண்டு ஒன்று வரும். அது கை துடைக்க. முகம், கழுத்தெல்லாம் துடைக்காமல் கையை மட்டும் துடைத்து, மறுபடி சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.

3. முதல் ஆர்டர்

மெனுவில் 'தெய்ஷோக்கு' அல்லது 'செட்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே தட்டில் ஒரு கிண்ணம் சோறு, மிசோ சூப், முக்கியமான ஒரு பதார்த்தம், கொஞ்சம் ஊறுகாய்க் காய் எல்லாம் வந்துவிடும். தனித்தனியாக யோசிக்க வேண்டாம்.

முக்கியப் பதார்த்தமாகக் 'கராஆகே' எடுக்கலாம். சோயா சாஸ், இஞ்சி, பூண்டில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்த கோழி. பிள்ளைகள் விட மாட்டார்கள். அடுத்தது சிக்கன் கட்சு கறி: ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கோழித் துண்டை நீளவாக்கில் நறுக்கி, கெட்டியான பழுப்பு நிறக் குழம்போடு சோற்றில் வைத்துத் தருவார்கள். கறித் தூள் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போனது. நம் குழம்பின் காரத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள், லேசாக இனிக்கும். 'ஓயாக்கோதோன்' என்பது கோழியையும் முட்டையையும் ஒன்றாக வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றியது. வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், மெல்லக் கஷ்டமில்லை.

இனி மிசோ சூப். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூடியைத் திறந்தால் மேலே தெளிவாகவும் அடியில் மேகம் மாதிரியும் நிற்கும். புளிக்கவைத்த சோயா விழுது அடியில் தங்குவதால் அப்படி. சாப்பிடத் தரும் குச்சியால் ஒரு கலக்குக் கலக்கி, கிண்ணத்தைக் கையில் எடுத்து அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாம், அதுதான் முறை. முதலில் உப்பு, அப்புறம் சோயா, கடைசியாக ஒரு கருவாட்டு வாசம். அந்த வாசம் 'கட்சுவோபுஷி'யிலிருந்து வருகிறது. சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையில் காட்டி, கட்டை போல் உலரவைத்துச் சீவியது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் மாசிக் கருவாடு பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே இன மீன்தான். நம் நாக்குக்கு இந்தச் சாப்பாடு அந்நியம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

4. கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. மேலே சொன்ன கட்சுவோபுஷி மீன் சாறு மிசோ சூப்பில் மட்டுமல்ல, உதோன் நூடுல்ஸ் சூப்பிலும், காய்கறித் தெம்புராவுக்கு (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும், தோஃபு என்ற சோயா பன்னீர் மேல் ஊற்றும் குழம்பிலும் இருக்கும். மெனுவில் 'வெஜ்' என்று போட்டிருந்தாலும் கேளுங்கள்: "தம்பி, இந்த சூப்ல மீன் சாறு இருக்கா? அது இல்லாம செஞ்சு தர முடியுமா?" அவித்த பச்சை சோயா, வெள்ளரி ரோல், அவகாடோ ரோல் ஆகியவை பயமில்லாதவை.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு: 'தொன்கொட்சு' ராமென் (நூடுல்ஸ் சூப்) பன்றி எலும்பில் கொதித்தது, 'தொன்கட்சு' பொரித்த பன்றிக்கறி. 'கியோசா' என்ற கொழுக்கட்டையில் கோழியா பன்றியா என்று கேட்க வேண்டும். 'கியூதோன்' மாட்டிறைச்சி. மண்ணடி முஸ்லிம் நண்பர்கள் இன்னொன்றும் கேட்பது நல்லது: தெரியாக்கி போன்ற சாஸ்களில் மிரின், சாக்கே என்ற அரிசி மது வகைகளைச் சேர்ப்பது வழக்கம். கேட்டால் சமையல்காரரிடம் விசாரித்துச் சொல்வார்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த ஐட்டத்தை விட்டுவிடுங்கள்.

5. குச்சி

கீழ்க் குச்சியைக் கட்டைவிரல் அடியிலும் மோதிர விரலிலும் படுக்க வையுங்கள், அது அசையக் கூடாது. மேல் குச்சியைப் பேனா பிடிக்கும் பிடியில் பிடித்து அதை மட்டும் அசையுங்கள். வரவில்லையா, ஸ்பூன் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டு விஷயம் மட்டும் செய்யாதீர்கள். சோற்றில் குச்சியை நட்டு நிறுத்தக் கூடாது, இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது, தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும்போது செய்வது அது. பக்கத்து மேஜையில் ஒரு ஜப்பானியக் குடும்பம் இருந்தால் பார்க்கவே சங்கடப்படுவார்கள்.

6. அடுத்த தடவை: ராமென்

பர்மா பஜார் பக்கம் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நூடுல்ஸ் பழக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமெனில் ஷோயு என்றால் சோயா சாஸ், ஷியோ என்றால் உப்பு, மிசோ என்றால் சோயா விழுது. முதலில் ஷோயு எடுங்கள். வந்ததும் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் ஊதிப்போகும். சத்தம் போட்டு உறிஞ்சலாம். காரம் போதாவிட்டால் மேஜையில் 'ஷிச்சிமி' மிளகாய்ப் பொடி இருக்கும், தூவிக்கொள்ளுங்கள்.

7. பிறகு சுஷி

முதலில் வெந்ததில் தொடங்குங்கள்: வேகவைத்த இறால், சுட்ட விலாங்கு, முட்டை. அப்புறம் சால்மன், சூரை. ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக மேலே தூவியிருப்பது மீன் முட்டை. கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம். சோயா சாஸில் மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட வேண்டும், சோற்றைத் தொட்டால் உதிர்ந்துவிடும். வசாபி என்ற பச்சை நிறக் கார விழுது கடுகளவு போதும். இஞ்சி ஊறுகாயை சுஷி மேல் வைக்காமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே தனியாக மெல்லுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சுஷி பிடித்துப்போய், காசிமேட்டில் துடிக்கத் துடிக்க வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக அறுத்துச் சாப்பிட வேண்டாம். மீன் புதிது என்பதால் அதில் புழு இல்லை என்று ஆகிவிடாது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாளாவது உறையவைத்து அந்த ஒட்டுண்ணிகளைக் கொல்வது பரவலான பாதுகாப்பு முறை. வீட்டு பிரிட்ஜை இதற்கு நம்ப முடியாது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கடையிலும் பச்சை மீனைத் தவிர்க்கட்டும்.

8. பில்லும் பார்சலும்

சாதாரண ஓட்டல் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லை, ஆனால் இங்கே வேலை பார்க்கிறவர்கள் பலர் மணிப்பூர், நேபாளம் என்று தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள். நன்றாகக் கவனித்தால் கையில் நேராகக் கொடுங்கள்.

வீட்டுக்குப் பார்சல் வேண்டுமென்றால் கராஆகே, கட்சு கறி வாங்கலாம். கறிக் குழம்பைத் தனி டப்பாவில் கேளுங்கள். ராமென் வேண்டாம். பச்சை மீன் சுஷியை நம் ஊர் வெயிலில் தண்டையார்பேட்டை வரை தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம்.