கற்பூரவள்ளியும் அதன் சொந்தங்களும்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கற்பூரவள்ளி இல்லாத வாசல் குறைவு. பழைய பெயின்ட் வாளியில், ஓட்டை பேசினில், கானோரத்து ஈரமண்ணில் என்று எங்கே ஒடித்து வைத்தாலும் வேர் விட்டுவிடும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் முதலில் கை போவது அந்த இலைக்குத்தான். பக்கத்திலேயே சிவப்பும் மஞ்சளும் கரும்பச்சையுமாக, அழகுக்கு வளர்க்கிற கோலியஸ் நிற்கும். சந்தையில் இன்னலா என்று கூறு போட்டு விற்கிற சின்னக் கிழங்கும் இருக்கிறது. மருந்து, அழகு, சாப்பாடு என்று மூன்று வேலைக்குப் பயன்படுகிற இந்த மூன்றும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய சொந்தமான இனங்களின் ஒரே கூட்டம். புதினாக் குடும்பத்தில் கோலியஸ் என்ற பேரினம்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பாததில் குற்றமும் இல்லை, ஏனென்றால் மூன்றின் இலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத்தான் தெரியும். பாடசாலைக்குச் செடி சேகரிக்கிற பிள்ளைகளும், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களும், சில சமயம் ஆசிரியர்களும் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன. இலையையும் மணத்தையும் பார்த்து முடிவுகட்டிவிட்டு, பூவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தண்டு சதுரம், அதனால் புதினாக் குடும்பம்

பாடப்புத்தகத்தில் படித்தது மனதில் நின்றுவிடுகிறது: சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் மணம். மூன்றும் புதினாக் குடும்பத்தில் உண்டு என்பது சரி. ஆனால் இந்த மூன்றும் இருந்தாலே அது புதினாக் குடும்பம் என்பது தவறு.

இதற்கு மலையகத்தை விட நல்ல சாட்சி கிடையாது. தேயிலைத் தோட்டங்களில் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்ட யூக்கலிப்டஸ் மரங்களில் குளோபுலஸ் என்ற இனத்தின் இளங்கன்றைப் பாருங்கள். தண்டு நல்ல சதுரம். இலைகள் எதிரெதிராக, சாம்பல் பூத்த நீலத்தில், தண்டை ஒட்டியே இருக்கும். கசக்கினால் மணம் மூக்கைத் துளைக்கும். பாடப்புத்தகத்து அடையாளம் மூன்றும் சரியாகப் பொருந்துகிறது. அது வளர்ந்து வானத்தைத் தொடுகிற மரமாகும்போது இலை நீண்டு, அரிவாள் போல வளைந்து, மாறிமாறி அமைந்துவிடும். அதன் குடும்பம் கொய்யாவின் குடும்பம்.

ரோட்டோரத்து உண்ணிச்செடியும் இப்படித்தான். சிங்களத்தில் கந்தபான என்கிறார்களே, அதே செடி. நாலு மூலைத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் கடுமையான வாடை. ஆனால் அதற்குச் சாறுள்ள கறுப்புப் பழம் வரும். புதினாக் குடும்பத்துக்கு உறவுதான், உள்ளே சேர்ந்ததில்லை.

ஹோட்டன் சமவெளியில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டமாகப் பூக்கிற நெலு என்ற புதரையும் பலர் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எதிரெதிர் இலையும் ஊதாப் பூவும் அப்படி நினைக்க வைக்கும். நெலுவின் காய் முற்றி இரண்டாகப் பிளந்து விதையைத் தூக்கி வீசும். கோலியஸிலோ தும்பையிலோ அப்படி வெடிக்கிற காயே இல்லை. காயைப் பார்க்காமல் நெலுவைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பக்கமும் உண்டு. கற்பூரவள்ளியின் முதிர்ந்த அடித்தண்டு கிட்டத்தட்ட உருண்டையாகிவிடும். சதுரத்தைத் தேடுகிறவர்கள் நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது கணுவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கேதான் மூலைகள் விரலுக்குத் தெரியும்.

மணத்தையும் சதைப்பற்றையும் நம்புவது

கற்பூரவள்ளி இலையின் வாசத்துக்குக் காரணம் அதில் உள்ள கார்வக்ரோல், தைமோல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். ஓமத்திலும் தைமோல் இருக்கிறது, ஆனால் ஓமம் கொத்தமல்லிக் குடும்பம். ஒரே பொருளை வெவ்வேறு குடும்பத்துச் செடிகள் தயாரிக்கும், ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனம் வேறு வேறு பொருளையும் தயாரிக்கும். வாசலில் நிற்கிற அழகுக் கோலியஸை முகர்ந்து பாருங்கள், கற்பூரவள்ளியின் வாசம் அதில் கிடையாது. அதனால் அது சொந்தமில்லை என்று ஆகிவிடாது.

சதைப்பற்று விஷயத்தில் நடக்கிற குழப்பம் இதைவிடப் பொல்லாதது. ரணகள்ளி, அதாவது சிங்களத்தில் அக்கபான என்கிற செடிக்கும் தடித்த இலை, விளிம்பில் வட்ட வட்டமான வெட்டு, எதிரெதிர் அமைப்பு. அவசரத்தில் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் அதையும் அதன் இனத்தவற்றையும் மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. கைவைத்தியத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்றாலும், கற்பூரவள்ளி என்று நினைத்துச் சாறு பிழிந்து குழந்தைக்குக் கொடுக்கிற செடி அது இல்லை.

இரண்டையும் பிரிப்பது கஷ்டமில்லை. கற்பூரவள்ளி இலையைக் கன்னத்தில் உரசிப் பாருங்கள், மென்மையான உரோமம் தெரியும். ரணகள்ளி வழவழப்பாக இருக்கும், கசக்கினாலும் வாசம் வராது. ரணகள்ளி இலை மண்ணில் விழுந்தால் விளிம்பு வெட்டுகளிலிருந்தே குட்டிச் செடிகள் முளைக்கும். கற்பூரவள்ளி வேர் விடுவது தண்டின் கணுவிலிருந்து.

நிறத்தை வைத்து இனம் பிரிப்பது

அழகுக் கோலியஸை வீட்டுக்கு வீடு குரோட்டன் என்கிறார்கள். குரோட்டன் ஆமணக்குக் குடும்பம், தோல் போலக் கெட்டியான இலை, மாறிமாறி அமைந்தது. கோலியஸ் இலை மெல்லியது, சோடி சோடியாக வரும், ஒரு சோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த சோடி வடக்கு தெற்கு. ஒரு கணுவைப் பார்த்தாலே போதும்.

சிவப்பு ஓர் இனம், மஞ்சள் ஓர் இனம், சுருள் விளிம்பு இன்னோர் இனம் என்று எழுதி வைப்பது அடுத்த தவறு. அத்தனையும் கோலியஸ் ஸ்குட்டெல்லாரியோய்டஸ் என்ற ஒரே இனத்தின் வகைகள். ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒடித்து நட்டால் அந்த நிறமே நிலைக்கும். வெயில் கூடினால் ஒரு நிறம், நிழலில் வைத்தால் இன்னொரு நிறம், இலையின் அளவும் மாறும். இப்படி மாறுகிற ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

பூவைக் கிள்ளி எறிவது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பழக்கம் இது. கோலியஸில் பூத்தண்டு தலைகாட்டினால் கிள்ளிவிடச் சொல்வார்கள். இலை அடர்த்தியாக வரவேண்டும் என்றால் அது சரியான யோசனைதான். கற்பூரவள்ளியை மருந்துக்கு ஓயாமல் கிள்ளுவதால் அது பூக்கிற கட்டத்துக்கே வருவதில்லை. விளைவு, வாசலிலேயே செடி இருந்தும் அதன் பூவைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு சாடியையாவது கிள்ளாமல் விடுங்கள். இந்தப் பேரினத்தைப் பேரினமாகக் காட்டுவது அந்தப் பூதான்.

காலையில் பனி காய்ந்த பிறகு ஒரு கோலியஸ் பூவைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், நீலமும் ஊதாவும் கலந்த நிறம். குழாய் பாதி வழியில் முழங்கால் மடித்தது போலக் கீழே வளைந்திருக்கும். மேல் உதடு குட்டை, நிமிர்ந்து நிற்கும். கீழ் உதடு நீளம், உட்குழிந்து ஓடம் போல இருக்கும். அந்த ஓடத்துக்குள் மகரந்தம் தாங்குகிற நான்கு கேசரங்களும், சூலகத்திலிருந்து நீளுகிற தம்பமும் படுத்திருக்கும். ஓர் ஊசி நுனியால் கீழ் உதட்டை மெதுவாக அழுத்தினால் அவை வெளியே தலைநீட்டும். தேனீ வந்து உட்காரும்போது நடப்பதும் இதுதான். அதன் பாரத்தில் உதடு தாழ, மகரந்தம் தேனீயின் வயிற்றில் ஒட்டும்.

இப்போது ஒரு தும்பைப் பூவை எடுங்கள். அதில் கேசரங்கள் உரோமம் அடர்ந்த மேல் உதட்டின் அடியில் ஒளிந்திருக்கும், மகரந்தம் பூச்சியின் முதுகுப் பக்கத்தில் படும். மலையகப் பூந்தோட்டங்களில் நிற்கிற சிவப்பு சால்வியாவில் வேலை செய்கிற கேசரம் இரண்டே இரண்டு. மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் கேசரம் கீழே படுத்திருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் கோலியஸ் தனியே வந்துவிடுகிறது.

அப்புறம் துளசி இருக்கிறது. அதிலும் கேசரம் கீழ் உதட்டின் பக்கம்தான் சாய்ந்திருக்கும், ஏனென்றால் துளசியும் கோலியஸும் குடும்பத்துக்குள் ஒரே கிளை. ஆனால் துளசியின் மேல் உதடு நான்கு பிரிவாக இருக்கும், கீழ் உதடு ஓடமாகக் குழியாமல் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். கோலியஸ் பூவின் குழாயைக் கிழித்துப் பார்த்தால் கேசர இழைகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி, தம்பத்தைச் சுற்றி ஓர் உறை போல நிற்பதும் தெரியும். கற்பூரவள்ளியிலும் அப்படியே.

பூ உதிர்ந்த பிறகு செடியைக் கைவிடுவதும் தவறு. அல்லி வட்டம், அதாவது நிறமுள்ள இதழ்க் குழாய், தானாகக் கழன்று விழும். அதன் அடியைச் சுற்றியிருக்கிற புல்லி வட்டம் மட்டும் தங்கி, பெரிதாகி, நிறம் மாறிக் காயும். புல்லி வட்டத்தின் ஐந்து பற்களில் மேலே உள்ளது மற்றவற்றை விட அகலம். உள்ளே எட்டிப் பார்த்தால் நான்கு சின்னஞ்சிறு கொட்டைகள், சில வேளை ஒன்றிரண்டு வளராமல் போயிருக்கும். தம்பம் முளைப்பது அந்த நான்கின் நடுவே, அடியிலிருந்து. யூக்கலிப்டஸ், உண்ணிச்செடி, நெலு மூன்றையும் ஒரே தடவையில் விலக்கிவிட இந்த நான்கு கொட்டைகளே போதும்.

பெயர் மாறினால் செடி மாறியது என்று நினைப்பது

அழகுக் கோலியஸுக்கு லின்னேயஸ் 1763இல் பெயர் வைத்தபோது அதைத் துளசியின் பேரினத்தில்தான் சேர்த்தார். கோலியஸ் என்ற பேரினத்தை 1790இல் லூரெய்ரோ உருவாக்கினார், கற்பூரவள்ளியை வைத்து. ஒட்டிய கேசர இழைதான் அதற்கு முக்கிய அடையாளமாக இருந்தது. ஆனால் நெருங்கிய உறவுள்ள சில இனங்களில் இழை ஒட்டாமலும் இருப்பதால் அந்த எல்லை நிற்கவில்லை. 1962இல் மோர்ட்டன் என்ற தாவரவியலாளர் கோலியஸைப் பிளெக்ட்ராந்தஸ் என்ற பேரினத்தோடு இணைத்தார். பிறகு மரபணு ஆய்வுகள் வந்தன. 2019இல் அலன் பேட்டனும் உடனாய்வாளர்களும் கோலியஸைத் திரும்பவும் தனிப் பேரினமாக நிறுத்தினார்கள். இப்போது அதில் ஏறத்தாழ 300 இனங்கள்.

இதனால் ஒரே வாசல் செடி பழைய புத்தகத்தில் கோலியஸ் புளூமி, இன்னொன்றில் சோலெனோஸ்டெமான், வேறொன்றில் பிளெக்ட்ராந்தஸ் என்று இருக்கும். பட்டியல் தயாரிக்கிற பிள்ளைகள் இதை மூன்று செடியாக எண்ணிவிடுகிறார்கள். பெயரை எழுதும்போது எந்த வருடத்துப் புத்தகம் என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பெயரில் உள்ள ஊரைப் பிறந்த ஊராக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. கற்பூரவள்ளியின் இனப்பெயர் இந்தோனேசியாவின் அம்பொன் தீவைச் சுட்டுகிறது, ஆனால் ஆபிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் அது இயற்கையாகவே வளர்கிறது. நம் தும்பையின் இனப்பெயரில் இலங்கை இருக்கிறது, செடியோ ஆசியாவின் பல நாடுகளில் முளைக்கிறது. அதை இலங்கைக்கே உரியது என்று எழுதினால் பிழை. இன்னலாவும் ஆபிரிக்காவிலிருந்து வந்த பயிர்தான். உருளைக்கிழங்கு போலத் தெரிந்தாலும் அதற்கும் உருளைக்கிழங்குக்கும் உறவில்லை.

படமும் மாதிரியும்

கைபேசிச் செயலியில் இலையை மட்டும் மேலிருந்து படம் பிடித்துக் கேட்டால் சரியான பதில் வருவது அதிர்ஷ்டம்தான். முழுச் செடி, ஒரு கணு, இலையின் அடிப்புறம், பக்கவாட்டில் ஒரு பூ, காய்ந்த புல்லி வட்டம் என்று தனித்தனியாக எடுங்கள். ஊதா நிறம் படத்தில் நீலமாக மாறிவிடும், ஆகவே நிறத்தை அங்கேயே எழுதி வைக்க வேண்டும்.

ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது, சட்டமும் அதைத் தடுக்கிறது. பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹக்கல பூங்காவும் பேராதனைப் பூங்காவும் இருக்கின்றன.

வீட்டுச் செடியில் மாதிரி எடுத்து அழுத்துவதென்றால், கற்பூரவள்ளி இலையில் நீர் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். மழைமூட்டக் காலத்தில் பத்திரிகைத் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அழுத்தும்போது பூக்கள் கழன்றுவிடுவதால் இரண்டு மூன்றைத் தனியாகச் சின்னக் காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள், முற்றிய புல்லி வட்டங்களை இன்னோர் உறையில். இடம், உயரம், திகதி, வெயிலா நிழலா, வளர்த்ததா தானாக முளைத்ததா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவிவிடும்.