விமானிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

தீபாவளிக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊருக்கு வந்தால் போதும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளையோடு யாராவது ஓர் அப்பா வாசலில் நிற்பார். "தம்பி, இவனுக்குப் பைலட் ஆகணுமாம்." சந்தோஷம்தான். ஆனால் விமானிப் பயிற்சிக்குப் போன எங்கள் செட்டு எதில் சறுக்கியதோ, இவர்களும் அதிலேயே போய் விழுகிறார்கள். கணக்கும் இயற்பியலும் ஒழுங்காகப் படி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை.

மருத்துவச் சோதனையைத் தள்ளிப்போடுவது

மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம் விமானிக்கான முதல் வகுப்பு (Class 1) மருத்துவச் சான்றிதழ் வாங்கும் முன் ஒரு காசுகூடக் கட்டாதீர்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. நிறக்குருடு என்றால் கதை வேறு.

முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டுவது

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய ஒருவர், ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து, வீட்டையும் பேங்கில் வைத்து, கட்டணத்தில் கழிவு தருகிறார்கள் என்று மொத்தமாகக் கட்டினார். பையன் போய்ப் பார்த்தால், பறக்கும் அட்டவணையில் அவன் பெயர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. செஸ்னா என்கிற சிறிய பயிற்சி விமானம் ஒன்று மூடி கழற்றி, எஞ்சின் தெரிய, உதிரி பாகத்துக்காக ஹேங்கரில் கிடந்தது. மதியத்துக்கு மேல் இடி மழை. இதற்கிடையில் பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாள் கணக்கில் இடைவெளி விழுந்தால் கை மறந்துவிடும். அதே பாடத்தை மறுபடி பறக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. அப்பா போய்ச் சத்தம் போட்டார், பதில் வாங்க முடியவில்லை. காசெல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது யார் பதில் சொல்வார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. வர்த்தக விமானி உரிமத்துக்கு, ஒருங்கிணைந்த பயிற்சியாக (தொடக்கம் முதல் உரிமம் வரை தொடர்ச்சியாக நடப்பது) இருந்தாலும் அனைத்துலக விதிப்படி குறைந்தது 150 மணி நேரம் வேண்டும். 60 மாணவர்கள், பறக்கும் நிலையில் 3 விமானங்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 6 மணி நேரம் என்று வையுங்கள். 9,000 மணி நேரத்தை முடிக்க 500 நாள் ஆகும், அதுவும் ஒரு நாள்கூட மழை பெய்யாமல்! அதனால் விமானம் எத்தனை என்று கேட்காதீர்கள், இன்றைக்குப் பறப்பது எத்தனை என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண நாள் காலையில் போய் நில்லுங்கள். கட்டணத்தைத் தவணையாக, பறந்த மணி நேரத்துக்கு ஏற்பக் கட்டுங்கள். பாதியில் நின்றால் மீதி எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், சரி, வேறு பள்ளி பாருங்கள்.

ஆங்கிலத்தை அப்புறம் பார்க்கலாம் என்பது

பறக்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அங்கே அப்புறம் கிடையாது.

உரிமம் வந்ததும் கேப்டன்

இல்லை. விமான நிறுவனக் கேப்டனுக்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். முதலில் துணை விமானிதான். அதற்கும் ஏ320 அல்லது 737 போன்ற பயணிகள் விமான ரகத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டு. பள்ளிக் கட்டணத்தில் அது பெரும்பாலும் சேராது.